அளவு ஜாக்கெட்

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க. எனக்கு மூஞ்சியில காத்து அடிச்சா ஆவாது, தலைநோவு வந்துரும். இந்தப் பையை மட்டும் கால்கிட்ட வெச்சுக்கறனுங்க. மிதிபட்டாலும் பரவாயில்லை, துணிதான். தங்கச்சிக்குத் தெச்ச ஜாக்கெட்டு. கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரியில சேந்திருக்கறா. நாளைக்குக் காலையில ஆப்பரேஷன்.

சீக்கா? சீக்கு ஒண்ணும் இல்லீங்க. அதைத்தான நானும் கேக்கறேன். சீக்கே இல்லாதவளுக்கு எதுக்கு ஆப்பரேஷன்? எல்லா ஸ்கேனும் எடுத்துப் பாத்தாச்சு, ஒடம்புல ஒரு குத்தம் இல்லைங்கறாங்க. இல்லைன்னு சொல்லிப்போட்டு அறுக்கறாங்க. நீங்களும் பொம்பளை, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. ரெண்டு மாரையும் எடுக்கறாங்க.

அட, நீங்க ஏன் இப்படி முழிக்கறீங்க? எனக்கும் மொதல்ல கேட்டப்ப அப்படித்தான் இருந்துச்சு. இதுல என்ன கூத்துன்னா, போன வருசம் இதே டாக்டரம்மாகிட்ட அவ போனது மாரைப் பெருசு பண்ணிக்கறதுக்கு. ஆமாங்க. பெருசு பண்ணப் போனவ இப்ப எடுக்கறதுக்குப் படுத்திருக்கறா. இதை யாருகிட்டச் சொன்னாலும் எனக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னுதான் நெனைப்பாங்க.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். கோயமுத்தூரு போய்ச் சேர இன்னும் நேரமிருக்குதுல்ல.

எம்பேரு வசந்தாமணிங்க. பெருந்துறையில டெய்லர் கடை வெச்சிருக்கேன், லேடீஸ் மட்டும். தங்கச்சி பேரு இந்துமதி. எனக்கும் அவளுக்கும் பதினாலு வயசு வித்தியாசம். நடுவுல ரெண்டு தங்காமப் போயிருச்சு. அவ மூணாவது படிக்கறப்ப எங்கம்மா செத்துப்போச்சு. அப்பறம் அவளுக்குத் தலை சீவினது, ஸ்கூலுக்கு அனுப்புனது, பெரிய மனுசியானப்ப சீலை கட்டி உட்டது, எல்லாம் நாந்தானுங்க. எம்பட கல்யாணத்தையே அவளுக்காக மூணு வருசம் தள்ளிப்போட்டேன். இதை நான் சொல்லிக்காட்டறதில்லை. கேட்டதால சொல்றேன்.

அம்மாவுக்கு என்னன்னு கேக்கறீங்களா. மாருல புத்துங்க. இடது பக்கம். அதை வெளிய சொல்றதில்லை. ஊருக்கெல்லாம் மஞ்சக்காமாலைன்னுதான் சொன்னோம். இந்துவுக்கும் அப்படித்தான் சொல்லி வளத்தேன். சின்னப் புள்ளைக்கு அந்தப் பேரெல்லாம் எதுக்கு?

அம்மா மொதல்ல என்கிட்டத்தான் காட்டுச்சு. குளிச்சுட்டு ஈரத்துணியோட நின்னுட்டு, இங்க தொட்டுப் பாரு கண்ணுன்னு என் கையைப் புடிச்சு வெச்சுச்சு. புளியங்கொட்டை அத்தனைக்குத் தட்டுச்சு. அப்பாகிட்டச் சொல்லாதே, அவரு தறிக் கடன்ல முழி பிதுங்கிட்டு இருக்கறாரு, தானா கரைஞ்சு போயிரும்னுச்சு. நானும் சொல்லலை. பெத்தவ சொன்ன வார்த்தையை மீறலாமுங்களா? அது கரையலை. அப்பறம் ஒரு பக்கத்தை எடுத்தாங்க. எடுத்தும் நிக்கலை, முதுகெலும்புக்குப் போயிருச்சு.

நான் மொதமொதல்ல தெச்சது பாவாடையோ பையோ இல்லீங்க. அம்மாவுக்கு ஒரு மெத்தைதான் தெச்சேன். எடுத்த பக்கம் பள்ளமா இருக்குமில்ல, ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கறதுக்கு. இலவம்பஞ்சுல பண்ணேன். பஞ்சுக்குக் கனம் கிடையாது, நடக்க நடக்க மேல ஏறிக் கழுத்துகிட்ட வந்து நின்னுக்கும். ஒரு கல்யாணத்துல அப்படி ஆயிப்போச்சு. அம்மா முந்தானையை இழுத்துப் போத்திட்டு வெளிய வந்துருச்சு. அப்பறம் நானா ரோசனை பண்ணி உள்ளாற கடுகு போட்டுத் தெச்சேன். செரியா நின்னுச்சு. கனமும் அந்தப் பக்கத்துக்கு ஈடா இருந்துச்சு. அம்மா அழுதுச்சு. சந்தோசத்துலதான்னு நெனைக்கறேன்.

அப்படித்தான் நான் டெய்லர் ஆனது.

இன்னிக்கும் கடையில ஒருத்திக்கு மாரளவு எடுக்க டேப்பைச் சுத்தறப்ப, அம்மா பின்னால வந்து நிக்குமுங்க. பேசாது. நான் திரும்பறதில்லை. திரும்பாமலே தெரியும், முந்தானையை இழுத்து இழுத்து இடது பக்கத்தை மூடிக்கிட்டு நிக்கும். டெட்டால் வாசம் வரும். பேயின்னு நெனைச்சுக்காதீங்க, பெத்தவ பேயாவாளா? பழக்கம்தான். இருந்தாலும் அந்த நேரத்துல இஞ்சு கணக்கு மறந்து போயிரும், மறுக்காவும் அளப்பேன்.

இந்து கதைக்கு வர்றேன். அவ ஒல்லிக்குச்சி. படிப்புல கெட்டி, பாலிடெக்னிக்குல டீச்சரு. ஆனா மாருன்னு ஒண்ணு வளரவே இல்லை. நான் செல்லமா பலகை, பலகைன்னுதான் கூப்புடுவேன். அவ சிரிச்சுக்குவா. ஆனா உட்டுருவேனுங்களா? ஒம்பதாவது படிக்கறப்பவே யூனிபார்முக்குள்ள துணி மடிச்சு வெச்சுத் தெச்சுக் குடுத்தேன். அவ கேக்கலை, நானாத்தான். காலேஜு போறப்பக் கப்பு வெச்ச ஜாக்கெட்டு. கல்யாணத்துக்கு நான் தெச்ச கூரைப்புடவை ஜாக்கெட்டைப் பாத்தீங்கன்னா, சினிமாக்காரி தோத்துப் போவா. ரெண்டு மடிப்புக் கப்பு, மேல கேன்வாஸு, அதுக்கு மேல பட்டு. மேடையில அவளைப் பாத்துட்டு எல்லாரும் யாரு தெச்சதுன்னு கேட்டாங்க. அவ மட்டும் ஒண்ணும் சொல்லலை. கல்யாணத்தன்னைக்கு எந்தப் பொண்ணு பேசுவா?

மாப்ள சிவராஜு நல்ல மனுசன். அவிநாசியில ஊடு, பனியன் கம்பெனியில மேனேஜரு. ஒரு பொண்ணு இருக்குது, ஒண்ணாவது போறா. எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. போன வருசம் வைகாசியில போன் பண்ணி, அக்கா ஒரு டாக்டரைப் பாக்கோணும், கூட வர்றியான்னா. என்னடின்னா, வா சொல்றேன்னா.

ஆஸ்பத்திரியில உக்காந்த பொறவுதான் விசயத்தைச் சொன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. எந்திரிச்சுப் போலாம்னு பாத்தேன், அதுக்குள்ள பேரைக் கூப்புட்டுட்டாங்க.

டாக்டரம்மா சின்ன வயசுதான். கண்ணாடி போட்டுட்டு, அவசரமில்லாமப் பேசுனாங்க. இந்துவைப் பாத்துட்டு வந்து சொன்னாங்க, "நீங்க ரொம்ப ஒல்லி. சிலிக்கான் பையை மட்டும் உள்ள வெச்சா அதை மூடுறதுக்கு உங்ககிட்டச் சதை பத்தாது. ஓரம் தெரியும், கை வெச்சா தட்டுப்படும். அதனால தொடையில இருந்து கொழுப்பை உறிஞ்சி எடுத்து, பைக்கு மேலயும் ஓரத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம். ரெண்டையும் சேத்துப் பண்றது. பாக்க இயற்கையா இருக்கும்."

எனக்கு உடனே புரிஞ்சுருச்சுங்க. மெல்லிசு துணிக்கு லைனிங் குடுக்கற மாதிரி.

"அப்ப பண்ணிக்கலாமுங்களா?"ன்னா இந்து.

"நல்லதைத்தான் இதுவரைக்கும் சொன்னேன். மிச்சத்தையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க"ன்னாங்க. அந்தப் பை ஆயுசு பூரா நிக்காதாமா. வருசம் போனா மாத்த வேண்டி வரும், அதுக்கு மறுக்காவும் கத்தி. நடுவுல கிழிஞ்சாலும் கிழியும். சிலபேருக்குப் பையைச் சுத்தித் தழும்பு இறுகிக் கல்லாட்டம் ஆயிருமாமா, வலி தாங்காதாமா. சீழ் வெச்சா எடுத்தே ஆகோணும். அபூர்வமா சிலபேருக்கு அந்தத் தழும்புலயே ஒரு வகைப் புத்து வந்திருக்குதுன்னாங்க. கொழுப்பு சமாச்சாரம் இன்னும் மோசமுங்க. ஏத்துனதுல எவ்வளவு நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, பாதியை ஒடம்பே இழுத்துக்கும், அதுவும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்கும்னு இல்லை. "உங்ககிட்ட எடுக்கறதுக்கே கொஞ்சந்தான் இருக்கு, அதையும் யோசிங்க"ன்னாங்க.

இந்து எல்லாத்துக்கும் தலையாட்டிட்டே இருந்தா.

"இன்னொண்ணு. ஏத்துன கொழுப்புல கொஞ்சம் செத்துப் போகும். செத்தது உள்ளயே கட்டியா நின்னுக்கும். அது ஒண்ணும் பண்ணாது. ஆனா நாளைக்கு உங்க கைக்கு ஒரு கட்டி தட்டுச்சுன்னா, அது செத்த கொழுப்பா, வேற எதாவதான்னு தொட்டுப் பாத்துச் சொல்ல முடியாது. ஸ்கேன் வேணும், சமயத்துல ஊசி குத்திச் சதை எடுத்துப் பாக்கணும். அது வரைக்கும் நீங்க தூங்க மாட்டீங்க. அதனால கேக்கறேன், உங்க வீட்டுல யாருக்காவது மார்புல புத்துநோய் வந்திருக்கா?"

நான், இல்லீங்கன்னேன். அதே நேரத்துல இந்து, எங்கம்மாவுக்குங்கன்னா.

டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாங்க. நான் இந்துவைப் பாத்தேன். உனக்கு எப்படிடி தெரியும்னேன். அவ என்னைப் பாக்கவே இல்லை. டேபிளைப் பாத்துட்டே சொன்னா, "நான் அம்மா கட்டில்லதானக்கா கூடப் படுத்திருந்தேன்."

அந்த ரூம்புல ஏசி போட்டிருந்தாங்க. எனக்கு வேர்த்துருச்சு.

அம்மாவுக்கு என்ன வயசுல வந்துச்சு, அம்மாகூடப் பொறந்தவங்களுக்கு வந்துச்சான்னெல்லாம் கேட்டாங்க. அம்மாவுக்கு இளையவ ஒருத்தி இருந்தா, அவளும் சின்ன வயசுலயே போயிட்டா, எதுலன்னு எங்களுக்குத் தெரியாது. அப்ப மொதல்ல ஸ்கேன் எடுங்க, ஒரு ரத்தப் பரிசோதனையும் பண்ணுங்க, அதெல்லாம் பாக்காம நான் கத்தியைத் தொட மாட்டேன்னாங்க. அப்பறம் என் பக்கம் திரும்பி, "நீங்களும் எடுத்துக்கறது நல்லது. இதுவரைக்கும் எடுத்திருக்கீங்களா?"ன்னாங்க. நான் சிரிச்சுட்டேன். எனக்கென்னங்க, கல்லாட்டம் இருக்கேன், ஒரு காய்ச்சல்னு படுத்ததில்லைன்னேன்.

கிளம்பறப்ப இந்து, அந்தப் பை எப்படி இருக்கும்னு கேட்டா. டிராயரைத் திறந்து ஒண்ணை எடுத்து அவ கையில குடுத்தாங்க. கண்ணாடியாட்டம், கொழகொழன்னு. அவ அமுக்கிப் பாத்துட்டு என்கிட்ட நீட்டுனா. வேண்டாம்னு சொல்லத் தெரியலை, வாங்கிட்டேன்.

அதே கனமுங்க. கடுகு போட்டுத் தெச்சனே, அதே கனம். என் கை மறக்கலை. அம்மா பக்கத்துல வந்து நின்னுருச்சு, அந்த ரூம்புல, பட்டப்பகல்ல. கையை நீட்டுச்சு, குடு, வெச்சுக்கறேன்கற மாதிரி. நான் பொத்துன்னு டேபிள் மேல போட்டுட்டு வெளிய வந்துட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல ஒரு பேக்கரியில உக்காந்தோம். டீ சொன்னேன். கேட்டுப்போட்டேன். "யாருடி உன்னைக் கொறை சொன்னா? மாப்ள சொன்னாரா?"

"யாரும் சொல்லலை."

"பின்ன எதுக்கு இந்த வயசுல? புள்ள பெத்தாச்சு, பால் குடுத்தாச்சு."

டீ டம்ளரைத் தள்ளி வெச்சா. "அம்மா செத்தப்ப எட்டு வயசுக்கா. எனக்கு மட்டும் வளரவே கூடாதுன்னு டெய்லி சாமி கும்புட்டேன். வளந்தா அழுகிப் போயிரும்னு நெனைச்சேன். சாமி கேட்டுருச்சு. முப்பத்தஞ்சு வயசாச்சு, இன்னும் குளிக்கறப்ப அங்க கை வெக்க மாட்டேன். பயந்துட்டே இருந்து என்னத்தைக் கண்டேன்? எனக்குன்னு ஒரு ஒடம்பு வேணும். அவ்வளவுதான்."

"அதுக்குத்தான் நான் நல்லாத் தெச்சுக் குடுக்கறனே"ன்னேன்.

அதுக்கு அவ சொன்னதைக் கேளுங்க. "நீ தெக்கறதைப் போட்டா நான் உன் ஜாக்கெட்டு மாதிரி இருக்கேன். கழட்டுனா ஆளே இல்லை. நான் கேக்காமயே எனக்குப் பஞ்சு வெச்ச மொத ஆளு நீதானக்கா."

கேட்டீங்களா பேச்சை? கண்ணு முழிச்சுத் தெச்ச கைக்குக் கெடைச்ச மரியாதை. நான் டீயைக் குடிக்காம எந்திரிச்சேன்.

ஊட்டுக்கு வந்தும் மனசு ஆறலை. பொம்பளை தனக்காகன்னு இப்படி ஒண்ணு கேப்பாளா? கண்டிப்பா மாப்ள எதோ சொல்லியிருக்கோணும், இவ மறைக்கறான்னு தோணுச்சு. எங்கூட்டுக்காரரு, உனக்கெதுக்கு, சும்மா இருன்னாரு. அவருக்கென்ன தெரியும்? அடுத்த ஞாயித்துக்கெழமை பழம் வாங்கிட்டு நேரா அவிநாசிக்குப் போனேன். அவங்க மாமியாரு, மாப்ள எல்லாரும் கூடத்துலதான் இருந்தாங்க. இந்து சமையல்கட்டுல. நான் மாப்ளைகிட்டக் கேட்டேன், "ஏனுங்க மாப்ள, எங்க புள்ளை ஒடம்புல என்ன கொறையக் கண்டுட்டீங்க? அறுத்துப் பை வெக்கற அளவுக்கு?"

மாப்ளைக்கு மூஞ்சி செத்துப்போச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்களேன்னாரு. அப்பத்தான் தெரிஞ்சுது, அவ இன்னும் அவருகிட்டயே சொல்லலைன்னு. மாமியாரம்மா என்னது பை, என்னது பைன்னு கேட்டுட்டே இருந்துச்சு. செரி, கேட்டாச்சு, முழுசாச் சொல்லிருவோம்னு நானும் சொல்லிட்டேன். அந்தம்மா வாயில முந்தானையை வெச்சுட்டுச் சிரிச்சுச்சு. கேவலமாச் சிரிச்சுச்சுங்க.

இந்து காபி டம்ளரோட வாசப்படியில நின்னுட்டிருந்தா. எப்ப வந்தான்னு தெரியலை. டம்ளரை வெச்சுட்டு உள்ள போயிட்டா. நான் கிளம்பறப்ப வெளிய வரவே இல்லை.

நீங்களே சொல்லுங்க, நான் அவ நல்லதுக்குத்தான கேட்டேன்? பெத்தவ இருந்தா கேட்டிருப்பாளா மாட்டாளா? ஆனா அன்னைக்கு எங்கூடப் பேச்சை உட்டவதான். ஆடி வந்துச்சு, தீபாவளி வந்துச்சு, போன் எடுக்கலை. தீபாவளிக்கு நான் தெச்சு அனுப்புன ஜாக்கெட்டு பிரிக்காம திரும்பி வந்துருச்சு. அதுதான் எனக்கு ஆறலை. அடிச்சிருந்தாக்கூட ஆறியிருக்கும்.

தோ, அவிநாசி வந்துருச்சு பாருங்க. அந்தக் கோயிலுக்குப் பின்னால போனா அவ ஊடு. இப்பப் பூட்டியிருக்கும், எல்லாரும் ஆஸ்பத்திரியிலதான் இருப்பாங்க.

பொங்கல் கழிச்சு ஒருநா கடைக்கே வந்துட்டா. நான் ஒரு அளவு ஜாக்கெட்டை வெச்சு வெட்டிட்டிருந்தேன். வந்து ஸ்டூல்ல உக்காந்தா. இளைச்சிருந்தா. நான் கத்திரியைக் கீழ வெக்கலை. வெச்சா அழுதுருவேன்னு வெட்டிட்டே இருந்தேன்.

"அக்கா, ஸ்கேன் எடுத்தேன். ஒண்ணுமில்லை."

"அதான் நான் அன்னைக்கே சொன்னனே."

"ரத்தத்துல இருக்குதுக்கா."

அம்மா வழியா வந்திருக்குதாமா. ஒடம்பு எழுதறப்பவே ஒரு எழுத்துப் பெசகியிருக்குதாமா, பொறக்கறப்பவே. இந்த மாதிரி பெசகு இருந்தா நூத்துல அறுபது எழுபது பேருக்கு என்னைக்காச்சும் மாருல புத்து வந்துருமாமா. அதுக்கு ரெண்டு வழியாமா. வருசா வருசம் ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டே, எப்ப வரும் எப்ப வரும்னு காத்திருக்கோணும். இல்லாட்டி வர்றதுக்கு முன்னாலயே எடுத்துரோணும். இவ டாக்டரம்மாகிட்ட நாலு தடவை போய் உக்காந்து கேட்டிருக்கறா. மாப்ளையும் கூடவே போயிருக்கறாரு. எடுத்தா தொட்டாலும் அங்க உணர்ச்சி இருக்காது, தையல் ஆறாமப் போலாம், மறுக்காவும் மறுக்காவும் ஆப்பரேஷன் வரலாம்னு அவங்க ஒண்ணையும் மறைக்கலையாமா. எல்லாம் கேட்டுட்டு, எடுத்துரலாம்னு இவதான் சொன்னாளாமா.

"எடுத்துட்டு?"ன்னேன்.

"தோலை வெச்சுட்டு உள்ள இருக்கறதை மட்டும் எடுப்பாங்க. அங்கயே பையை வெப்பாங்க. ஆறுன பொறவு கொழுப்பு ஏத்துவாங்க." சொல்லிட்டுச் சிரிச்சா. "அதே பைதானக்கா. அன்னைக்கு ஆசைக்குக் கேட்டேன். அதே டாக்டரு, ஆசைக்குன்னா பத்துத் தடவை யோசின்னாங்க. இப்ப அவங்களே தராசுல எடுக்கற பக்கம் கனமா இருக்குதுங்கறாங்க."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. நல்லா இருக்கற ஒடம்பு! அன்னைக்கு இவ அந்த ஆசைப்படாம இருந்திருந்தா, அந்த டாக்டரம்மா முன்னால போய் உக்காந்திருப்பாளா? ரத்தம் எடுத்திருப்பாங்களா? ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நாங்க பாட்டுக்கு நிம்மதியா இருந்திருப்போம். அதை அப்படியே அவகிட்டச் சொன்னேன்.

"அம்மாவும் அப்படித்தானக்கா நிம்மதியா இருந்துச்சு"ன்னா.

கத்திரியை வெச்சுட்டேன். அவ எந்திரிச்சு என் பக்கத்துல வந்தா. பக்கத்துல வந்து, அவ சின்னதுல பண்ற மாதிரி என் முதுகுல சாஞ்சுட்டா. "பாப்பாவுக்கும் இருக்கலாமாமா. பெரியவளான பொறவு பாக்கோணும். அவ என் கட்டில்ல படுத்துட்டு அந்த வாசத்தை மோந்துட்டு இருக்கக்கூடாதுக்கா. உனக்கும் பாதிக்குப் பாதி இருக்கும்னாங்க. நீயும் ரத்தம் குடு."

இரு, காபி வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டேன். காபி கடை பக்கத்துலதான். நான் சுத்திட்டு வர்றதுக்குள்ள அவ போயிட்டா. ஸ்டூல் மேல சுருட்டி வெச்ச டேப்பு இருந்துச்சு. அவ எடுத்துத் தன்னை அளந்து பாத்திருப்பா போல. நான் கேக்கலை.

இப்ப அளவு இல்லாமத்தான் தெச்சிருக்கேன். இத்தனை வருசத்துல அளவு தெரியாம அவளுக்குத் தெச்சது இதுதான் மொதத் தடவை. வெளிய வர்றப்ப என்ன அளவுல வருவாளோ, வீக்கம் எவ்வளவு இருக்குமோ, குழாய் வேற தொங்க உடுவாங்களாமா. அதனால தொளதொளன்னு, கை தூக்காமப் போட்டுக்கற மாதிரி, மெல்லிசுக் காடாத்துணியில. உள்ளாற ஒண்ணும் வெக்கலை. வெக்க வேண்டாம்னு அவளே போன்ல சொன்னா. கப்பும் வேண்டாம், லைனிங்கும் வேண்டாம், வெறும் துணி போதும், நீ வந்தாப் போதும்னா.

வர்றேன்னு சொல்லிட்டேன். ஆனா அதுல ஒரு கண்டிசன் போட்டுருக்கறா. அந்த டாக்டரம்மாகிட்ட எம்பேரையும் குடுத்து வெச்சிருக்கறாளாமா. இன்னைக்கு நான் போனதும் ரத்தம் எடுத்து, ஒரு ஸ்கேனும் எடுப்பாங்களாமா. அதை முடிச்சுட்டு மேல வான்னா. நான் செரின்னேன். செரின்னு சொன்னா ஆச்சுங்களா? அவளை உள்ள அனுப்பிட்டு வெளிய உக்காந்திருக்கோணும், எழுப்பறப்பப் பக்கத்துல இருக்கோணும், அதுக்குத்தான் போறேன். எனக்கு ரெண்டும் பையனுங்க. எனக்கு என்ன இருந்தா யாருக்கென்ன ஆவப்போகுது?

ஏனுங்க, நீங்களும் அவளாட்டமே கேக்கறீங்க.

எனக்கு ஒண்ணுமில்லீங்க. நெசமா. வயசு நாப்பத்தொம்பது, தீட்டு நிக்கற சமயம், அங்கங்க கட்டி கட்டியா வரத்தான் செய்யும். எல்லாருக்கும் வர்றதுதான். குனிஞ்சு மிஷின்ல உக்காந்து உக்காந்து இந்தக் கை சேர்ற எடத்துல ஒரு நோவு, அவ்வளவுதான். எனக்கே ஜாக்கெட்டு தெச்சுக்க நேரமில்லைன்னு, பழைய நைட்டியும் தொளதொளப்பான சுடிதாருமா ஒரு வருசமா ஓட்டிட்டிருக்கேன். டெய்லரு ஊட்டுல இப்படின்னு கடைக்கு வர்றவங்ககூடச் சிரிப்பாங்க.

தட்டுதுதான். இல்லைங்கலை. ஆனா அம்மாவுக்கு இருந்தது வேறங்க. நான் தொட்டுப் பாத்தவ, எனக்குத் தெரியாதா? அம்மாவுக்கு இடது பக்கம். எனக்கு வலது பக்கமுங்க. அப்பறம் எப்படி ரெண்டும் ஒண்ணாகும்?

கொஞ்ச நாளா அம்மா கடைக்கு வர்றதில்லை. அதுதான் ஒரு மாதிரியா இருக்குது. நான் டேப்பை எடுத்தா பின்னால யாரும் இல்லை. வாசமும் இல்லை. நின்னுட்டே இருந்தவங்க, சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சுட்டுப் போயிட்ட மாதிரி.

ஹோப்ஸ் வரப்போகுதுங்களா? அடுத்த ஸ்டாப்பா? நான் அங்கதான் எறங்கோணும். நீங்க காந்திபுரம் வரைக்கும் போறீங்களா. செரி, செரி.

உங்களுக்கு அவசர வேலை எதாச்சும் இருக்குதுங்களா?

இல்லை, சும்மா கேட்டேன். பாக்க நல்லவங்களா இருக்கறீங்க. இங்கயே எறங்கி ஒரு அஞ்சு நிமிசம் கூட வர்றீங்களா? மேல வரவேண்டாம். கீழயே, அந்தக் கண்ணாடிக் கதவுகிட்ட ஒரு பொண்ணு உக்காந்திருக்கும். ரத்தம் எடுக்கற ரூம்பு எந்தப் பக்கம்னு அதுகிட்ட நீங்க கேளுங்க. நான் கேட்டா, யாருக்குன்னு கேப்பாங்க.